பௌர்ணமிக்கு ஒரு முறை டயர் கணக்கு: எக்ஸெலில் நீங்களே தயாரிக்கலாம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர் எக்ஸெல் புரோகிராமை ஒரு முறை திறந்து பார்ப்பார்கள். திரை முழுக்கக் கட்டங்கள் தெரியும். "இது ஆபீஸ் வேலைக்கு உரியது, நமக்கு எதற்கு?" என்று மூடிவிடுவார்கள். உங்கள் வீட்டில் கார் இருந்தால் எக்ஸெலுக்கு இதோ ஒரு நல்ல வேலை: காரின் டயர் கணக்கு. ஒரு மணி நேரத்தில் அமைத்துவிடலாம். அதன் பிறகு மாதம் பத்து நிமிடம் போதும். எக்ஸெலின் அடிப்படைகளைக் கற்றுக்கொண்டது போலவும் இருக்கும். குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் போகும்போது டயர் வெடிக்கும் ஆபத்தும் குறையும்.

மாதம் ஒரு முறை டயரின் காற்றழுத்தத்தைப் பார்க்க வேண்டும் என்று டயர் தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். எல்லாருக்கும் இது தெரியும். ஆனால் தேதி நினைவில் இருப்பதில்லை. திருவண்ணாமலைக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. பௌர்ணமி எப்போது என்று அந்த ஊரில் யாரும் யாரையும் கேட்பதில்லை. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் கூட்டம் நடக்கத் தொடங்கினால் அன்று பௌர்ணமி. ஏறக்குறைய 29.5 நாட்களுக்கு ஒரு முறை தவறாமல் வரும். அன்று ஊருக்குள் கார் எடுக்க முடியாது என்பதால், அதற்கு முதல் நாள் காலையை டயர் பார்க்கும் நாளாக வைத்துக்கொள்ளலாம். சென்னையிலிருந்து ஏறக்குறைய 190 கிலோமீட்டரும், பெங்களூருவிலிருந்து சுமார் 200 கிலோமீட்டரும் காரில் கிரிவலம் வருகிறவர்களுக்கும் இதே நாள் பொருந்தும்.

டாஷ்போர்டு விளக்கு போதாதா?

"என் காரில் டயர் காற்றைக் காட்டும் விளக்கு இருக்கிறதே" என்று சிலர் கேட்கலாம். இதற்கு டிபிஎம்எஸ் என்று பெயர். இதுவும் ஒரு சிறிய கம்ப்யூட்டர் அமைப்புதான். இதில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில் ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் ஒரு சென்சார், ஒரு சிறிய சிப், ஒரு பேட்டரி, ஒரு ரேடியோ டிரான்ஸ்மிட்டர் இருக்கும். அது காற்றழுத்தத்தை அளந்து காருக்குள் இருக்கும் ரிசீவருக்கு அனுப்பும். இரண்டாவது வகையில் சக்கரத்துக்குள் சென்சார் கிடையாது. காற்று குறைந்த சக்கரம் சற்றுச் சிறிதாகிவிடும்; அதே தூரத்துக்கு மற்றவற்றைவிட அதிகச் சுற்று சுற்றும். ஏபிஎஸ் பிரேக்குக்காக வைத்த சென்சார்கள் மூலம் இந்த வித்தியாசத்தைக் கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கிறது. நான்கு டயர்களிலும் காற்று ஒரே அளவில் குறைந்தால் இந்த இரண்டாவது வகைக்குத் தெரியாமல் போகலாம்.

இந்த விளக்கு வந்த கதையையும் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், சாலையில் ஓடிக்கொண்டிருந்த சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெறுவதாக ஃபயர்ஸ்டோன் நிறுவனம் அறிவித்தது. இவற்றில் பெரும்பாலானவை ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் பொருத்தப்பட்டவை. வேகமாக ஓடும்போது டயரின் மேல்பட்டை உரிந்து வண்டிகள் கவிழ்ந்தன. வெயில் அதிகமுள்ள தென் மாநிலங்களில்தான் இந்த விபத்துகள் அதிகம் நடந்தன. குற்றம் டயரிலா, வண்டியின் அமைப்பிலா, குறைவாகச் சிபாரிசு செய்யப்பட்ட காற்றழுத்தத்திலா என்று பெரிய விவாதம் நடந்தது. அதே ஆண்டு நவம்பரில் அங்கே புதிய சட்டம் வந்தது. அதன் விளைவாக 2007 செப்டம்பர் முதல் அங்கு விற்கும் எல்லாப் புதிய கார்களிலும் டிபிஎம்எஸ் கட்டாயமானது.

ஆனால் அந்த விதியைக் கவனித்துப் படித்தால் ஒன்று புரியும். சிபாரிசு அளவிலிருந்து 25 சதவீதம் குறைந்த பிறகு விளக்கு எரிந்தால் போதும் என்பதே அது. உங்கள் காருக்கு 33 பிஎஸ்ஐ என்றால், ஏறக்குறைய 25-க்கு இறங்கும் வரை விளக்கு எரியாமல் இருக்கலாம். நல்ல டயரிலும் மாதம் 1 பிஎஸ்ஐ அளவுக்குக் காற்று தானாகவே குறையும். அந்தக் கணக்கில் எட்டு மாதம் விளக்கு சும்மா இருக்கும். அதுவரை குறைந்த காற்றோடு ஓடிய டயர் உள்ளுக்குள் சூடாகித் தளர்ந்திருக்கும். ஆகவே விளக்கைக் கடைசி எச்சரிக்கையாக வைத்துக்கொள்ளுங்கள். மாதக் கணக்கை நாம்தான் பார்க்க வேண்டும்.

காற்று குறைந்தால் என்ன ஆகும்?

காற்று குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிரும். ஒரு கம்பியை முன்னும் பின்னும் பல முறை வளைத்தால் சூடாகிறதல்லவா, அதைப் போலத்தான் இதுவும். வெயில், வேகம், அதிக பாரம் மூன்றும் சேர்ந்தால் சூடு இன்னும் ஏறும். ரப்பருக்கும் உள்ளே இருக்கும் எஃகுக் கம்பிப் பட்டைக்கும் இடையிலான பிடிப்பு விடும். வெடிப்பது ஒரு நொடியில் நடந்தாலும் அதற்கான காரணம் பல வாரங்களாகச் சேர்ந்துகொண்டிருக்கும். ஐந்து பேர் காரில் ஏழு பேர், மேலே லக்கேஜ், மே மாத மதியம், நெடுஞ்சாலை வேகம் என்று வைத்துப் பாருங்கள்.

தொடங்கும் முன் தேவையானவை

1. காற்றழுத்தம் அளக்கும் டிஜிட்டல் கேஜ் ஒன்று. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். பெட்ரோல் பங்க்குக்குப் பங்க் மீட்டர் வித்தியாசப்படும். எப்போதும் ஒரே கேஜில் அளந்தால்தான் போன மாதத்தோடு ஒப்பிட முடியும்.

2. உங்கள் காருக்கு உரிய அளவு. டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் தூணில், அல்லது பெட்ரோல் டேங்க் மூடியின் உள்பக்கம் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் இல்லாவிட்டால் காரோடு தந்த புத்தகத்தில் இருக்கும். பல கார்களுக்கு இரண்டு அளவு தந்திருப்பார்கள்: சாதாரணமாக ஓட்டும்போது ஒன்று, ஆட்களும் சாமானும் நிரம்பியிருக்கும்போது ஒன்று. இரண்டையும் குறித்துக்கொள்ளவும். டயரின் மேல் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச அழுத்தம் வேறு. அந்த அளவுக்குக் காற்று அடிக்கக் கூடாது.

3. எக்ஸெல். இல்லாவிட்டால் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் புரோகிராமை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். கீழே சொல்லும் வேலைகள் எல்லாம் அதிலும் நடக்கும்.

ஷீட் தயாரிப்போம்

எக்ஸெலைத் திறந்து புதிய ஃபைல் ஒன்றை எடுக்கவும். மேலே ஏ, பி, சி என்று எழுத்துகளோடு இருப்பவை நெட்டு வரிசைகள். இடப்பக்கம் 1, 2, 3 என்று இருப்பவை படுக்கை வரிசைகள். இரண்டும் சந்திக்கும் கட்டம்தான் செல்.

முதல் படுக்கை வரிசையில், ஒவ்வொரு செல்லிலும் ஒன்றாக இந்தத் தலைப்புகளை டைப் செய்திடவும்: தேதி, முன் இடது, முன் வலது, பின் இடது, பின் வலது, ஸ்டெப்னி, கி.மீ., குறிப்பு, அடுத்த தேதி. ஒரு தலைப்பு முடிந்ததும் டேப் கீயை அழுத்தினால் கர்சர் அடுத்த செல்லுக்குப் போகும். விண்டோஸில் தமிழ் கீபோர்டு இருப்பதால் தலைப்புகளைத் தமிழிலேயே வைக்கலாம்.

இரண்டாவது வரிசையில் தேதிக்கு உரிய செல்லில் கிளிக் செய்து, கன்ட்ரோல் கீயை அழுத்தியபடி அரைப்புள்ளி கீயைத் தட்டவும். இன்றைய தேதி தானாக வந்துவிடும். அடுத்து நான்கு டயர், ஸ்டெப்னி ஆகியவற்றின் அளவுகளையும், காரின் கிலோமீட்டர் மீட்டரில் உள்ள எண்ணையும் டைப் செய்திடவும்.

இனி ஒரு பார்முலா. "அடுத்த தேதி" என்ற தலைப்பின் கீழுள்ள செல்லில் சமக் குறி போடவும். மவுஸால் அதே வரிசையில் உள்ள தேதி செல்லைக் கிளிக் செய்திடவும். பின்னர் +29.5 என்று டைப் செய்து என்டர் தட்டவும். அடுத்த பௌர்ணமியை ஒட்டிய தேதி கிடைக்கும். ஒரு நாள் முன்பின் இருக்கலாம். அதைக் காலண்டரில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தேதிக்குப் பதில் ஐந்து இலக்க எண் ஒன்று தெரிந்தால் பயப்பட வேண்டாம். எக்ஸெல் 1900 ஜனவரி 1-ஐ முதல் நாளாக வைத்து நாட்களை எண்ணி வருகிறது. அந்த செல்லில் ரைட் கிளிக் செய்து, பார்மட் செல்ஸ் பிரிவில் டேட் என்பதைத் தேர்ந்தெடுத்தால் தேதியாக மாறிவிடும். செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தைப் பிடித்துக் கீழே இழுத்தால் அடுத்த வரிசைகளுக்கும் பார்முலா வந்துவிடும்.

காற்று குறைந்தால் செல் தானாகச் சிவப்பாக மாறும்படியும் செய்யலாம். நான்கு டயர்களின் செல்களையும் மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுக்கவும். ஹோம் டேபில் கண்டிஷனல் பார்மட்டிங் என்பதைக் கிளிக் செய்திடவும். கிடைக்கும் மெனுவில் ஹைலைட் செல்ஸ் ரூல்ஸ், அதில் லெஸ் தேன் என்று செல்லவும். உங்கள் காருக்கு உரிய அளவிலிருந்து இரண்டைக் கழித்து எண்ணைத் தரவும். 33 என்றால் 31. அதற்குக் கீழே எண் விழுந்தால் செல் சிவப்பாகிவிடும். முன் டயருக்கும் பின் டயருக்கும் வெவ்வேறு அளவு இருந்தால் இதைத் தனித்தனியாகச் செய்ய வேண்டும். இன்னும் எண் போடாத காலி செல்களும் சிவப்பாகத் தெரிந்தால், எண் உள்ள செல்களை மட்டும் தேர்ந்தெடுத்து மாதாமாதம் நீட்டிக்கொள்ளலாம்.

எண்கள் என்ன சொல்கின்றன?

இங்கேதான் கணக்கின் பயன் தெரியும். ஒரு முக்கிய விதி: காற்று அடிக்கும் முன் உள்ள அளவைத்தான் ஷீட்டில் எழுத வேண்டும். பிறகு உரிய அளவுக்குக் காற்று அடித்துக்கொள்ளவும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒவ்வொரு மாதமும் 33 பிஎஸ்ஐக்கு நிரப்பப்படும் ஒரு காரில், நிரப்பும் முன் எடுத்த அளவுகள் முன் இடது, முன் வலது, பின் இடது, பின் வலது என்ற வரிசையில் இப்படி இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம்:

முதல் மாதம்: 32, 32, 30, 32
இரண்டாம் மாதம்: 32, 31, 29, 32
மூன்றாம் மாதம்: 32, 32, 28, 31

பின் இடது டயர் மட்டும் மற்றவற்றைவிட வேகமாகக் காற்றை இழக்கிறது. இழப்பும் மாதாமாதம் கூடுகிறது. ஏதோ ஆணியோ முள்ளோ ஏறியிருக்கிறது, அல்லது வால்வு கசிகிறது. கணக்கு இல்லாதவருக்கு இது தெரியவே தெரியாது. பங்க்கில் மாதாமாதம் 33-க்கு நிரப்பிவிடுகிறார்கள், டயரும் பார்க்க நன்றாகவே இருக்கிறது. காற்று பிடிக்கப் பிடிக்க, பஞ்சர் மறைந்துகொண்டே போகும்.

இன்றைய டியூப்லெஸ் டயர்களில் இது அதிகம் நடக்கும். டியூப் உள்ள டயரில் ஆணி ஏறினால் காற்று சீக்கிரம் இறங்கி, வண்டி நம்மை நிறுத்திவிடும். டியூப்லெஸ் டயரில் ரப்பர் ஆணியைச் சுற்றிப் பிடித்துக்கொள்வதால் காற்று வாரக் கணக்கில் கசியும். கார்த்திகை தீபத்துக்கும் பெரிய பௌர்ணமிகளுக்கும் திருவண்ணாமலையைச் சுற்றித் தற்காலிக வாகன நிறுத்துமிடங்கள் அமைக்கிறார்கள். இப்படித் திறந்த நிலத்தில் காரை நிறுத்தினால் வேலிகாத்தான் முள் டயரில் ஏறுவது சாதாரணம். அன்று வீடு வந்து சேர்ந்துவிடலாம். அடுத்த மாத எண்தான் காட்டிக்கொடுக்கும்.

கசிவு எங்கே என்று பார்க்க சோப்புத் தண்ணீர் போதும். வால்விலும் டயரின் மேற்பரப்பிலும் ஊற்றினால் கசியும் இடத்தில் குமிழி வரும். ஆணி தெரிந்தால் நீங்களே பிடுங்காமல் பஞ்சர் கடைக்குக் கொண்டு செல்லவும். ஓட்டை பக்கச் சுவரில் இருந்தால் ஒட்டுப் போட்டு ஓட்டக் கூடாது. டயரை மாற்றத்தான் வேண்டும்.

ஸ்டெப்னி செல்லைக் காலியாக விடாதீர்கள். பின்னால் சும்மா கிடக்கும் டயரிலும் காற்று குறையும். ஸ்டெப்னி சிறிய அளவு டயராக இருந்தால் அதற்கு வேறு அழுத்தமும், மணிக்கு 80 கி.மீ. போன்ற வேக வரம்பும் இருக்கும். அதன் மேலேயே எழுதியிருப்பார்கள். டியூப்லெஸ் டயர், டிபிஎம்எஸ், பஞ்சர் கிட் ஆகிய மூன்றும் இருந்தால் 3.5 டன் வரையிலான கார்களில் ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020 ஜூலையில் மத்திய அரசு விதியைத் திருத்தியது. அதனால் சில புதிய கார்களில் ஸ்டெப்னியே வருவதில்லை. உங்கள் கார் அப்படிப்பட்டது என்றால் இந்தக் கணக்கு இன்னும் அவசியம்.

சூடான டயரும் எக்ஸெலும்

அளவை எப்போதும் காலையில், கார் ஓடும் முன் எடுக்க வேண்டும். ஏன் என்பதை எக்ஸெலிலேயே பார்க்கலாம். ஒரு காலி செல்லில் இதை அப்படியே டைப் செய்து என்டர் தட்டவும்:

=(33+14.7)*(273+60)/(273+30)-14.7

37.7 என்று விடை வரும். 30 டிகிரி செல்சியஸில் 33 பிஎஸ்ஐ இருந்த டயர், ஓடி 60 டிகிரிக்குச் சூடானால் 37.7 காட்டும் என்பது இதன் பொருள். 14.7 என்பது வெளிக்காற்றின் அழுத்தம். 273-ஐக் கூட்டுவது வெப்பநிலையைக் கெல்வினுக்கு மாற்றுவதற்காக. பள்ளியில் படித்த வாயு விதிதான்.

செஞ்சியைத் தாண்டி வரும்போது வழியில் பங்க்கில் நிறுத்தி, "அதிகமாக இருக்கிறது, குறைத்துவிடுங்கள்" என்று 33-க்கு இறக்கினால் என்ன ஆகும்? பார்முலாவில் 60, 30 இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். மறுநாள் காலை குளிர்ந்த டயரில் 28.7-தான் இருக்கும். காற்று கூடியிருப்பதாக நினைத்து, வெடிக்கும் என்று பயந்து செய்த காரியம், டயரைக் குறைந்த காற்றில் ஓட வைத்துவிடும். சூடான டயரிலிருந்து காற்றை இறக்காதீர்கள்.

நைட்ரஜன் அடித்தால் பார்க்க வேண்டாம் என்று சிலர் நினைக்கிறார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஈரம் இல்லாதது, கசிவு சற்றுக் குறைவு என்பவை உண்மை. ஆனால் ஆணி ஏறினால் நைட்ரஜனும் வெளியேறும். வெயிலில் அதன் அழுத்தமும் கூடும்.

இரண்டாவது ஷீட்: டயரின் ஜாதகம்

எக்ஸெல் திரையின் கீழே உள்ள கூட்டல் குறியைக் கிளிக் செய்தால் இன்னொரு ஷீட் கிடைக்கும். அதில் ஒவ்வொரு டயருக்கும் ஒரு வரிசை ஒதுக்கி, கீழே உள்ளவற்றை எழுதவும்.

டயர் அளவு: 185/65 ஆர்15 88ஹெச் என்பது போல இருக்கும். 185 என்பது மில்லிமீட்டரில் அகலம். 65 என்பது அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச் சுவரின் உயரம் என்பது. ஆர் என்றால் ரேடியல். 15 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். 88 என்றால் அந்த டயர் 560 கிலோ வரை தாங்கும். ஹெச் என்றால் மணிக்கு 210 கி.மீ. வேகம் வரை தாங்கும். புது டயர் வாங்கும்போது இந்த எண்கள் குறையாமல் பார்த்துக்கொள்ளவும். ஐஎஸ்ஐ முத்திரையும் இருக்க வேண்டும்.

தயாரித்த தேதி: பக்கச் சுவரில் டாட் என்ற ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும் வரியின் கடைசி நான்கு எண்களைப் பார்க்கவும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஒரு பக்கம் இல்லாவிட்டால் மறுபக்கம் இருக்கும். ஐந்து ஆண்டு ஆனதும் ஆண்டுக்கு ஒரு முறை கடையில் காட்டிப் பரிசோதிக்க வேண்டும். நன்றாகத் தெரிந்தாலும் பத்து ஆண்டுக்கு மேல் எந்த டயரையும் வைத்திருக்கக் கூடாது. ஸ்டெப்னிக்கும் இது பொருந்தும். உங்கள் கார் புத்தகம் இன்னும் குறைந்த காலம் சொன்னால் அதையே பின்பற்றவும். சிறிய ஊர்களில் கார்கள் அதிகம் ஓடுவதில்லை. பட்டன் தேயாமல் புதிது போலவே இருக்கும். ஆனால் வெயிலில் நின்றே ரப்பர் இறுகி வெடிப்பு விட்டிருக்கும். அதனால் பட்டனோடு தேதியையும் பார்க்க வேண்டும்.

பட்டன் ஆழம்: பட்டன்களுக்கு இடையிலான பள்ளத்தில் ஆங்காங்கே சிறு மேடுகள் இருக்கும். அவற்றின் உயரம் 1.6 மி.மீ. பட்டன் தேய்ந்து இந்த மேடுகளின் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. மழைத் தண்ணீரைப் பள்ளங்கள்தான் வெளியேற்றுகின்றன. அவை இல்லாவிட்டால் கார் தண்ணீர் மேல் வழுக்கும்.

தேய்ந்திருக்கும் விதத்தையும் குறிப்பில் எழுதவும். இரு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவாக ஓடியிருக்கிறது. நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும்.

டயர் மாற்றிப் போட்ட கி.மீ.: முன் டயரும் பின் டயரும் ஒரே மாதிரி தேய்வதில்லை. ஏறக்குறைய 8,000 முதல் 10,000 கி.மீ.க்கு ஒரு முறை இடம் மாற்ற வேண்டும். ஒரு செல்லில் சமக் குறி போட்டு, இன்றைய கி.மீ. செல்லைக் கிளிக் செய்து, கழித்தல் குறி போட்டு, கடைசியாக மாற்றிய கி.மீ. செல்லைக் கிளிக் செய்தால் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று தெரிந்துவிடும். இடம் மாற்றிய மாதத்தில் முதல் ஷீட்டின் குறிப்பிலும் எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் பின் இடது டயரின் பழைய எண்களும் புதிய எண்களும் குழம்பிப் போகும்.

ஃபைலைப் பத்திரமாக வைக்க

முடித்ததும் கன்ட்ரோல் கீயோடு எஸ் கீயை அழுத்தி சேவ் செய்திடவும். ஃபைலுக்கு உங்கள் காரின் பெயரையே வைக்கலாம். பென் டிரைவில் ஒரு காப்பி இருக்கட்டும். பிரின்டர் இருந்தால் முதல் ஷீட்டைப் பிரின்ட் எடுத்து டாஷ்போர்டு பெட்டியில் வைக்கவும். காரை எடுத்துச் செல்லும் டிரைவரோ வீட்டில் மற்றவரோ அதில் பேனாவால் எழுதிவிட்டு வந்தால், பிறகு கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்ளலாம். எண்களைத் தேர்ந்தெடுத்து இன்சர்ட் டேபில் லைன் சார்ட் என்பதைக் கிளிக் செய்தால் ஐந்து கோடுகள் வரும். நான்கு கோடுகள் ஒன்றாகப் போக, ஒன்று மட்டும் கீழே இறங்கினால், அந்த டயரைத்தான் பஞ்சர் கடையில் காட்ட வேண்டும். ஒரு மாத எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது; மூன்று மாதம் சேர்ந்தால் கசிகிற டயர் தானாகத் தெரிந்துவிடும். வரும் பௌர்ணமிக்கு முதல் நாள் காலையிலேயே முதல் வரிசையை எழுதிவிடுங்கள்.